தோட்டத்து அணையில் பெருக்கு

துபாய் தேராவில் நாங்கள் குடியிருந்த நாட்களில், ஆடிப்பெருக்கு வந்தாலே அம்மாவின் முகம் உப்பிவிடும். கும்பகோணத்தில் காவிரிப் படித்துறையில் தாலிக் கயிறு மாற்றிப் பழகியவள் அவள். சமையலறைக் குழாயில் வருவது உப்பை எடுத்த கடல் தண்ணீர் என்று அப்பா எப்போதோ சொல்லித் தொலைத்திருந்தார். அதனால் குழாயடியிலும் மனம் ஒப்பாமல், யாரோடும் பேசாமல் சித்ரான்னம் கிளறுவாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, புஜைரா மலையடிவாரத்தில் ஓர் அரபியின் பேரீச்சந் தோட்டத்தைக் கவனித்துவந்தார். முதலாளியை அர்பாப் என்பார். மழைவெள்ளம் இறங்கும் ஓடைக்குக் குறுக்கே அர்பாப் சொந்தச் செலவில் ஒரு மண் அணை போட்டிருந்தார். மாமா சொல்லக் கேட்டால் மேட்டூர் அணையே தோற்றுவிடும். நாங்கள் போனபோதெல்லாம் அதில் ஆடுகள்தான் நின்றிருந்தன.

ஒரு மார்கழியில் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. மாமா போன் செய்தார்.

"அக்கா, அணை ரொம்பிடுச்சு! ஆடியாவது ஒண்ணாவது, ஒடனே கெளம்பி வா."

"மார்கழியில எவளாவது கயிறு மாத்துவாளாடா? தை பொறக்கட்டும். அதுவரைக்கும் தண்ணிய பத்திரமா வச்சிரு," என்றாள் அம்மா, ஏதோ பால் பாக்கெட்டைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு வந்த போன்களில் எல்லாம் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. அம்மா காலண்டரைத் திட்டினாள்.

தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, நீச்சல் டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். போய்ப் பார்த்தால் அணையில் வெறும் சேறு. நான் ஓவென்று அழுதேன். அம்மா அழவில்லை. மஞ்சள் கயிறு வைத்த தட்டோடு கரையில் அப்படியே நின்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எங்கயும் போகலக்கா, கீழ எறங்கியிருக்கு. அணை கட்டினதே அதுக்குத்தான்," என்று சொல்லி மாமா எங்களைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தது. அம்மா ஒரு வாய் அள்ளிக் குடித்தாள்.

"போன தடவை கரிச்சுதேடா! இப்ப எளநி மாதிரி இருக்கு."

பூவை மிதக்கவிட்டு, வாய்க்கால் ஓரத்திலேயே கயிறு மாற்றிக்கொண்டாள். அன்று போல் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அர்பாப்கூட வந்து எலுமிச்சைச் சாதத்தை இரண்டு தட்டு காலி செய்தார். நான் மட்டும் டியூபைக் கழற்றாமல் உர்ரென்று இருந்தேன். தண்ணீரை நிறுத்தத் தெரியாததெல்லாம் ஓர் அணையா?

அடுத்த ஆடிப்பெருக்குக்கு அம்மா தானாகவே சமையலறைக் குழாயடியில் பூவும் மஞ்சளும் வைத்தாள். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இது கடல் தண்ணியாச்சே, பரவாயில்லையா?"

"காவிரி எங்க போய்ச் சேருதாம்?" என்றாள் அம்மா.

புவியியலில் நல்ல மார்க் வாங்குகிறவள் நான். "பே ஆஃப் பெங்கால்!" என்று முந்திக்கொண்டு கத்தினேன். சரியான விடைதான். இருவரும் எதற்காக அப்படிச் சிரித்தார்கள் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.