கால் யூனிட் ஜல்லி

எண்பதுகளின் கடைசியில், நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் இருந்தோம். கொத்தனாரும் பக்கத்து வீட்டுத் தையல்கார பாயும் இருந்தார்கள். அப்பா இல்லை; மண்ணூர்பேட்டை கம்பெனியில் ஓவர்டைம்.

மாவு அரைத்து விற்பதற்காக அம்மா ஒரு பழைய பெரிய கிரைண்டருக்குச் சொல்லி வைத்திருந்தார். பத்து நாளில் வந்துவிடும். எங்கள் களிமண் தரையில் நிறுத்தினால் முதல் மழைக்கே சாய்ந்துவிடும். கொத்தனாருக்கு ஒழிந்ததோ அந்த ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து ஒரு மாதம் வானகரத்தில் வேலை.

கான்கிரீட்டுக்கு அடியில் பரப்புகிற ஜல்லிக்குக் கணக்கு என்னுடையது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், இப்போது பாலிடெக்னிக் வேறு. பத்தடிக்கு ஏழரை அடி, நாலு அங்குலக் கனம். இருபத்தைந்து கன அடி, சரியாகக் கால் யூனிட். கொத்தனார் இன்னும் பத்துக் கூடை வேண்டும் என்றார். கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று அம்மாவின் காதில் ஓதினேன்.

பரப்பியபோது ஜல்லி கொத்தனார் கட்டியிருந்த கயிறு மட்டத்துக்கு அச்சாக நின்றது. தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க ஆரம்பித்தார் கொத்தனார். ஒரு மூலை முடிவதற்குள் ஜல்லி ஒரு அங்குலம் கீழே போய்விட்டது.

"இன்னா தம்பி, உங்க பாடத்துல திமிசே கெடையாதா?"

இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

ஜல்லிக் கடை லீவு. கொத்தனார் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பாய்தான் தெருவைக் காட்டினார். பாதி கட்டிய வீடுகள் எல்லாவற்றின் முன்னாலும் உடைந்த செங்கல் குவிந்து கிடந்தது.

"நல்லா வெந்த கல்லா எடுத்துகினு வா, போதும்" என்றார் கொத்தனார்.

அம்மா வீடு வீடாகக் கேட்டார். கல்லோடு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கல்லை உடைத்துப் போட்டு ஆளுக்குக் கொஞ்சம் இடித்தார்கள். பாய் நாலு போடு போட்டுவிட்டு, இது பட்டன் தைக்கிற கை என்று கட்டையை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கட்டையைக் கீழே வைக்கவே இல்லை.

இருட்டுவதற்குள் கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. பத்தாம் நாள் வந்த கிரைண்டரின் பக்கத்தில், தளத்தின் மேல், அம்மா ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து சுவிட்சைப் போட்டார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அப்பா மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். எழுதிக் கூட்டிப் படித்துக் காட்டினேன். தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய். அதில், கொத்தனார் சொல்லியும் நான் கேட்காத பத்துக் கூடைக்காகத் தெருவுக்கே வாங்கிக் கொடுத்த டீயும் மசால்வடையும் இருபத்தாறு ரூபாய்.