கொஞ்சம் இதைப் பிடிங்க

"கொஞ்சம் இதைப் பிடிங்க."

சண்டை நடக்கிற இடத்துக்கு வந்ததும் அந்தப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி, இருப்பவர்களில் அதிகம் குதிக்கிறவர் கையில் கொடுத்துவிடுவார். போலீஸ் தொப்பியைக் கீழே போட யாருக்கும் துணிவு வராது. அதை ஏந்திக்கொண்டு அடுத்தவன் சட்டையைப் பிடிக்கவும் முடியாது. "எனக்கே குல்லா போடப் பாக்குறீங்களா?" என்று ஒரு லாரி ஓட்டுநர் எகிறினார். "போடலப்பா, பிடிக்கத்தானே சொன்னேன்" என்றார் இவர். கூட்டம் சிரித்துவிட்டது. அன்றிலிருந்து கடைத்தெருவில் அவர் பெயர் குல்லாக்காரர்.

தொப்பி கைமாறியதும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிடுவார். அவரிடம் கத்த வேண்டுமென்றால் குனிய வேண்டும்; குனிந்தால் சுருதி தானாக இறங்கிவிடும். "அவர் என்ன சொல்றார்னு நீங்க சொல்லுங்க. உங்க கதைய அவர் சொல்லட்டும்" என்பார். சொல்லும்போதே பாதிப் பேருக்கு வெட்கம் வந்துவிடும். லத்தி ஜீப்பிலேயே கிடக்கும்.

இதெல்லாம் பயிற்சியில் கற்றது என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். கற்றுக்கொடுத்தது அம்மா. சின்ன வயதில் அவரும் அக்காவும் கட்டிப் புரளும்போது, ஆளுக்கொரு தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்து, "சிந்தாமப் பிடிங்க" என்பாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததில் கோபம் மறந்துபோகும்.

அந்த அம்மா கண்ணை மூடிய மத்தியானம், அவர் சந்தையில் இரண்டு கடைக்காரர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். ஒருவன் கையில் கறிக்கத்தி. அக்கா போன்மேல் போன் போட்டும் எடுக்க வழியில்லை. "ஊர்ச் சண்டை பெருசாப் போச்சு, பெத்தவ பெருசாத் தெரியல" என்றவள், அதோடு அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். கத்தி விஷயத்தை அவர் சொல்லவே இல்லை. சொன்னால் சாக்கு மாதிரி இருக்குமாம். பாவம், அவரை 'டேய்' என்று கூப்பிட இனி அவளை விட்டால் ஆளில்லை.

போன வாரம் வேலை முடிந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். அக்கா கதவைத் திறந்தாள். பழக்கதோஷம், தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"இந்த வித்தையெல்லாம் தெருவோட வச்சுக்கோ." அக்கா விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அவர் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அடிமேல் அடி வைத்து வந்தாள், கையில் விளிம்பு வரை தண்ணீர் ததும்பும் ஒரு தம்ளரோடு.

"சிந்தாமப் பிடிடா."

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.