நெல்லூரில் தைத்து வைத்த இரண்டு பாதி டிக்கெட்

போகிற தேதி, திரும்புகிற தேதி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு மலிவு டிக்கெட் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த ஜாதிதான். நெல்லூர் போய் வந்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன், எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

யானைக்கவுனியில் பழைய கோணி வாங்கி விற்பது என் தொழில். குடியிருந்தது திருவொற்றியூரில். நெல்லூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் ஆயிரம் கோணி கேட்டிருந்தார்கள். எனக்குத் தெலுங்கு வராது. ராயபுரத்து நண்பன் லூர்துசாமி தெலுங்கில் சண்டையே போடுவான். அவனைக் கூட வரச் சொன்னேன்.

"திங்கக்கிழமை காத்தால ஏழு மணிக்கு ஆர்பர்ல பேர் கூப்புடுவாங்கோ, அண்ணாத்தே" என்றான். ஆறு வருஷமாக அவன் துறைமுகத்தில் பதிலி ஆள். அன்று நிரந்தரம் ஆக்கப்போகிறவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரைக்குள்ள வூட்ல இருப்பே. நான் பொறுப்பு" என்றேன்.

சென்ட்ரலில் இருந்து நெல்லூர் சுமார் நூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பு ஒரு வழி நாலு ரூபாய் இருபது காசு. வார இறுதிச் சலுகை டிக்கெட் என்றால் போக வர ஆறு முப்பதுதான். ஆனால் போன அன்றே திரும்பக்கூடாது. திங்கள் இரவுக்குள் திரும்பலாம். வேலை சனிக்கிழமையே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு பேருக்கு நாலு இருபது மிச்சமாகிறதே என்று ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி பாசஞ்சரில் ஏறி, பதினொன்றே காலுக்கு இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் டிக்கெட்டின் ஒரு பாதியைக் கிழித்து வாங்கிக்கொண்டு, திரும்புவதற்கான மறுபாதியைக் கொடுத்தார்கள். எங்கள் கோணிக் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிக்பாக்கெட்டுக்குப் பயந்து, முக்கியமான சீட்டைக் கோணியின் வாய் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவோம். பெஞ்சில் உட்கார்ந்து, மில்லில் காட்டக் கொண்டுபோன சாம்பிள் கோணியில் இரண்டு பாதியையும் வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன்.

மில்லில் லூர்து பேசிப் பேசியே நல்ல விலைக்கு முடித்தான். சரக்கு வந்து சேரும்வரை சாம்பிள் கோணி வாங்குகிறவரிடம் இருக்க வேண்டும், அது வழக்கம். வழக்கப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு பிற்பகல் இரண்டரைக்குச் சத்திரத்தில் பையைக் கட்டும்போதுதான், டிக்கெட் அந்தக் கோணிக்குள் இருப்பது உறைத்தது. இரண்டு மைல் ஓட்டமும் நடையுமாகப் போனோம். மில் பூட்டிக் கிடந்தது. முதலாளி காவலி என்ற ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சாவி அவரிடம், நாளைக் காலை ஒன்பதுக்குத்தான் வருவார் என்று வாட்ச்மேன் சொன்னதை லூர்து எனக்குச் சொன்னான். சொன்ன குரலில் உயிரே இல்லை.

ரயில் நாலே காலுக்கு. சரக்குப் பணம் சரக்கு போன பிறகுதான். என் கையில் இருந்தது ஐந்தே முக்கால் ரூபாய். லூர்து கையில் பீடிக்கட்டு.

"வித்தவுட்ல போலாமா?" என்றான் லூர்து.

"மாட்டுனா லாக்கப்புல வெச்சுடுவான். உன் பேரை அங்கியா வந்து கூப்புடுவாங்கோ?"

"ஞாயித்துக்கெயமையும் அதுவுமா பூசைக்கிப் போவாம ஊர் சுத்தறியேன்னு வூட்ல மேரி அப்பவே சொல்ச்சு. டிக்கெட்ட கோணிக்குள்ள வெச்சு தெச்ச ஆளு ஒலகத்துலயே நீ ஒர்த்தன்தான், அண்ணாத்தே."

சிரிக்க முயன்றான். நாலு இருபதை எண்ணிக் கொடுத்து அவனுக்கு ஒரு வழி டிக்கெட் எடுத்தேன். ரயில் நகரும்போது, "நீ இன்னா துன்னுவே?" என்று கத்தினான்.

அன்று இரவு சத்திரத்தில் கண் மூடவில்லை. அந்த பாசஞ்சர் கூடூரில் நின்றுவிட்டால்? இவன் தூங்கிவிட்டால்? காலை ஏழு அடித்தபோது, இப்போது பெயர் கூப்பிடுவார்கள் என்று எழுந்து நின்றேன். நின்று என்ன பிரயோஜனம்?

ஒன்பதரைக்கு மில் திறந்தது. நல்லவேளை, கோணியில் யாரும் தவிடு நிரப்பவில்லை. தையலைப் பிரித்து இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டு பதினொன்றரை ரயிலைப் பிடித்தேன். எண்ணூர் தாண்டியதும் எழுந்து கதவருகே வந்து நின்றுகொண்டேன். லூர்து வீட்டுக்குப் போய் என்ன முகத்தோடு நிற்பது?

நாலே முக்காலுக்குத் திருவொற்றியூர். பதற்றத்தில் இரண்டு டிக்கெட்டையும் வாசலில் நீட்டிவிட்டேன்.

"ஆள் ஒண்ணு, டிக்கெட் ரெண்டா? இன்னொருத்தர் எங்கேய்யா?" என்றார் டிக்கெட் கலெக்டர்.

"நான்தான் சார் அது!" வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் லூர்து. வேலை முடிந்து, உடம்பெல்லாம் உரத்தூளோடு நின்றான். "மூணாவது பேரு, அண்ணாத்தே. சும்மா கணீர்னு கூப்ட்டான்!" கையில் ஒரு பொட்டலம். "மேரி குட்த்துச்சு. நேத்துலேர்ந்து துன்னியா இல்லியா?"

அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தேதி மாற்றினால் டிக்கெட் மலிவு என்பது உண்மைதான், தாராளமாகத் தேடுங்கள். ஆனால் மறுநாள் காலையில் யாருக்கு என்ன வேலை என்று முதலில் கேளுங்கள். சலுகை டிக்கெட் எடுத்தாலும், ஆளுக்கொரு முழு டிக்கெட்டுக்கான காசைத் தொடாமல் வையுங்கள். நான் மிச்சம் பிடித்தது நாலு இருபது, லூர்துவுக்கு எடுத்த டிக்கெட்டும் நாலு இருபது. பைசா லாபமில்லை. அதற்காக அவனுடைய ஆறு வருஷத்தை ஒரு கோணிக்குள் வைத்துத் தைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊருக்கு அவனோடு போயிருக்கிறேன். டிக்கெட் நான்தான் எடுப்பேன். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே அவனுடையதை அவன் கையில் கொடுத்துவிடுவேன்.