குற்றாலத்தில் கசக்கிய துணி

ஐம்பதுகளின் கடைசியில், என் மகனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, மூன்று நாள் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காலையில் தூக்கி நிறுத்தினேன். வலது கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

காரணம் சொல்ல மட்டும் எங்கள் தென்காசியில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கம்பவுண்டர் போட்ட ஊசி நரம்பில் பட்டுவிட்டது என்றார் மாமியார். சளியோடு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதால் வந்தது என்றார் என் வீட்டுக்காரர். எதிர்வீட்டில் கண்ணேறு என்றார்கள். யார் சொன்னாலும் அந்த நேரத்துக்கு அதுதான் சரி என்று பட்டது. ஊசிக்குத் தூக்கிப் போனதும் நான், எண்ணெய் தேய்த்ததும் நான். எப்படிப் பார்த்தாலும் பழி என் தலையில்தான் விழுந்தது.

குற்றாலத் தண்ணீர் பட்டால் நரம்பு இளகும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. இரண்டு வாரம் கழித்து, சாரல் காலத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெண்கள் குளிக்கும் பக்கம் அருவியோரமாக அவன் காலை நீட்டிப் பிடித்தேன். வீறிட்டு அழுதவன் துணியிலேயே வெளிக்கிருந்துவிட்டான். அருவித் தண்ணீர் ஓடிவரும் கால்வாயில் குத்தவைத்து அந்தத் துணியைக் கசக்கினேன். ஓடுகிற தண்ணீர்தானே, அதில் அழுக்கு நிற்குமா என்ன?

சற்றுக் கீழே, பக்கத்து ஊரான சுரண்டையிலிருந்து வந்த ஒருத்தி, அந்தத் தண்ணீரையே உள்ளங்கையில் அள்ளித் தன் கைக்குழந்தையின் வாயை நனைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

“அழாதீங்கக்கா. இந்தத் தண்ணி பட்டா ஓடுவான், பாருங்க.”

வீட்டில் ஒருவர்கூட எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

கால் தேறவில்லை. சில மாதம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். போலியோ என்றார். அந்தக் கிருமி பிள்ளையின் மலத்தில் பல வாரம் இருக்குமாம். கை வழியாக, தண்ணீர் வழியாக அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போகுமாம். பல பிள்ளைகளை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுமாம். ஏதோ ஒன்றுக்குக் காலை எடுத்துவிடுமாம். காய்ச்சலில் போட்ட ஊசியும் அந்தக் காலைக் கெடுத்திருக்கலாம் என்றார். வராமல் தடுக்க வெளிநாட்டில் ஓர் ஊசி வந்திருக்கிறது என்றும் அவரேதான் சொன்னார். கெடுப்பதும் ஊசி, காப்பதும் ஊசி.

“பிள்ளை துணியெல்லாம் எங்கன வச்சுக் கசக்குதீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“வீட்டுல, கிணத்தடியிலதான்” என்றேன். குற்றாலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அறுபதுகளில், மகன் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸோடு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சமயம், தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். அவளேதான். தனியாக வந்திருந்தாள்.

“யக்கா, என்னைத் தெரியுதா? குத்தாலத்துல பாத்தோமே. பிள்ளை இப்ப நடக்கானா?”

“இரும்பு போட்டு நடக்கான்” என்றேன்.

அவள் கண் கலங்கியது. என் மகனுக்காகவா, வேறு எதற்காகவோ, விளங்கவில்லை. உன் பிள்ளை எப்படி இருக்கு என்று பதிலுக்குக் கேட்பதுதானே முறை. சுரண்டை பஸ் வந்து நின்றது. ஏறும்வரை அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து, பையில் ஒழுங்காகவே இருந்த கத்தரிக்காய்களைத் திரும்பவும் அடுக்கிக்கொண்டிருந்தேன்.