நாணல் வெட்டக் கூடாத மாதங்கள்

2024 ஜூன் 15, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். பறவைக்கூடத்தின் வலைக்கதவைத் திறந்தபோது என் காலடியில் ஒரு குஞ்சு கிடந்தது. இறகு முளைக்காத அதன் தலை உச்சியில் கொத்திப் பிளக்கப்பட்டிருந்தது. கையில் எடுத்தேன். உடலில் சூடு இருந்தது, உயிர் இல்லை. மேலே, அது பிறந்த கூட்டின் பாதி நார்நாராகக் கிழிந்து தொங்கியது. மீதிப் பாதியை இரண்டு ஆண் குருவிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

பறவைகள் என்னுடையவை அல்ல. ஜெர்மனியின் பான் நகரில் என்னோடு ஒரே வீட்டில் வசித்த தோழியுடையவை. தமிழ்நாட்டிலிருந்து முனைவர் ஆய்வுக்கு வந்தவள். அந்த வார இறுதியில் தன் அண்ணனைப் பார்க்க டார்ம்ஸ்டாட் போயிருந்தாள். தண்ணீரும் புழுவும் வைப்பது என் பொறுப்பு. நான் ஜெர்மன் இலக்கியம் படிப்பவள். அதுவரை ஒரு பறவையையும் கையில் பிடித்ததில்லை.

அவளுடைய ஆய்வு உண்மையில் வேறொரு பறவையைப் பற்றியது. தான்சானியாவில் ஒரே ஓர் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வாழ்ந்து, நாணலில் கூடு பின்னும் ஒரு தூக்கணாங்குருவி இனம். சிவப்புப் பட்டியலில் அதன் நிலை ‘அழிவுக்கு ஆளாகக்கூடியது’. சமவெளி வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிக்கொண்டிருந்தது. அந்த இனத்தின் குஞ்சு எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி அவளுக்குப் படிக்கக் கிடைத்தவை சில வரிகளே. ஆகவே ஆபிரிக்காவில் பரவலாகக் காணப்படும் உறவினம் ஒன்றை, மஞ்சள் உடலும் கருந்தலையும் சிவந்த கண்ணும் உடையதை, நகரின் விளிம்பில் ஒரு தோட்டத்திலிருந்த வாடகைக் கூடத்தில் வளர்த்துக் கைபழகினாள். பேராசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஒரு குஞ்சையாவது கூட்டைவிட்டுப் பறக்கும்வரை வளர்த்து அளந்து காட்டினால் ஓகஸ்டில் தான்சானியா செல்வது அவள், இல்லையென்றால் வேறொருவர். மூன்று கூடுகளில் குஞ்சு பொரித்திருந்தது. இப்போது இரண்டில்தான் இருந்தது.

நான் கைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

“உள்ள பச்சை இலை இருக்கா? கிரீன் இல்லன்னா ஒருத்தன் கூட்டை ஒருத்தன் திருட ஆரம்பிச்சிடுவான்.”

“தோட்டத்து மூங்கில் புதரில ஒரு இலையும் இல்லை. எல்லாத்தையும் நேற்றே குடுத்திட்டன்.”

“அப்போ ஆத்தங்கரைக்குப் போய் நாணல் ஒரு கட்டு வெட்டிட்டு வா. பக்கம்தானே?”

“ஏலாது. செப்டெம்பர் முடியும்வரைக்கும் நாணல் வெட்டத் தடை. அதுக்குள்ள இந்த ஊர்க் குருவியள் கூடு வைச்சிருக்கு.”

“அம்மா தாயே! யாருடி பாக்கப் போறா?”

யாரும் பார்க்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை பல ஆண்டுகள் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். வாகனமே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர்கள் என் பெற்றோர். நாணலைப் பற்றிய அறிவிப்புப் பலகையை அந்தக் கரையில் நானே முழுவதும் வாசித்திருந்தேன்.

“வாழையிலை கிழிக்குமா?” என்று கேட்டேன்.

“கிழிக்கும். அதுங்க ஊர்ல அதைத்தான் கிழிக்குது. ஓடு.”

தமிழ்க் கடைக்கு டிராமில் போனேன். வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்த இலைகள் குளிர்பெட்டியில் இருந்தன. இருந்த கட்டுகள் எல்லாவற்றையும் கேட்டேன்.

“என்ன பிள்ளை, வீட்டில கலியாணமோ?” என்றார் கடைக்காரர்.

“இல்லை அண்ணை. குருவிக்கு.”

“குருவிக்கோ! அப்ப அப்பளமும் கொண்டு போங்கோ. தலைவாழையில வெறுஞ்சோறு போட்டால் குருவியும் கோவிக்கும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிச்சக் காசை வாங்காமலே வெளியே வந்தேன்.

நான் திரும்பியபோது இரண்டாவது கூடு தரையில் கிடந்தது. அதிலிருந்த குஞ்சின் வயிறு கிழிந்திருந்தது. அதன் தாய் அருகில் நின்று, வாயில் புழுவோடு, குஞ்சின் மூடிய அலகைத் தட்டிக்கொண்டிருந்தது. மூலையில் ஓர் ஆண் பறவை மற்றொன்றைத் தரையில் மல்லாத்தி, அதன் கண்ணில் திரும்பத் திரும்பக் கொத்தியது. நான் கத்தினேன். எந்தப் பறவையும் பொருட்படுத்தவில்லை.

இலைகளை வலையில் செருகித் தொங்கவிட்டேன். சற்று நேரத்தில் ஓர் ஆண் வந்து இலையின் ஓரத்தைக் கவ்வி, பின்னோக்கிப் பறந்து, நீளமாய் ஒரு நாரைக் கிழித்தது. மற்றவையும் வந்தன. துணி கிழிவதுபோன்ற ஓசை கூடத்தை நிரப்பியது. சண்டை அடங்கிவிட்டதென்று நம்பினேன்.

ஒன்று மட்டும் இலைப்பக்கம் வரவில்லை. மூன்றாவது கூட்டின் கீழ்வாயிலில் தலைகீழாகத் தொங்கியபடி உள்ளே தலையை நுழைத்தது. வெளியே எடுத்தபோது அதன் அலகில் குஞ்சின் சிறகு இருந்தது. குஞ்சு பாதி வெளியே வந்து வீரிட்டது.

நான் ஏணியில் பாய்ந்தேறி அந்த ஆணை இரு கைகளாலும் பிடித்தேன். அது என் கட்டைவிரலின் சதையைக் கவ்வித் திருகியது. இரத்தம் மணிக்கட்டுவரை வழிந்தது. வலி கூடக்கூட நான் இறுக்கினேன். விட்டால் மறுபடி அந்தக் கூட்டுக்குத்தான் போகும் என்ற ஒரே நினைப்பு. பிறகு அலகு தளர்ந்தது. சிவந்த கண் திறந்தபடியே இருந்தது. குஞ்சைக் கூட்டுக்குள் தள்ளிவிட்டு, கீழே இறங்கி நின்று, இறந்த பறவையை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

“நெஞ்சை இறுக்கிட்டியா?” என்றாள் அவள், நான் கைபேசியில் சொல்லி முடித்ததும். “நெஞ்சு விரியலன்னா பறவையால மூச்சு விட முடியாதுடி. கழுத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு, உடம்பை உள்ளங்கையில லூசா வச்சுக்கணும். சரி... குஞ்சு?”

“ஒண்டு இருக்கு. சிறகில காயம். தாய் உள்ளுக்குப் போயிட்டுது.”

“ஒண்ணு.” அவள் மூச்சை இழுத்துவிட்டாள். “நாணல்ல கைவைக்கல, ரூல் மீறல. ஆனா மூணு உயிர் போச்சு. அந்தச் சமவெளியையும் எல்லாம் பர்மிட் வாங்கித்தான் உழுதிருப்பாங்க, தெரியுமா?”

அது நியாயமல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். ஆற்றங்கரையில் நான் வெட்டாமல் விட்ட நாணலுக்குள் அந்த நேரம் எத்தனை கூடுகள் இருந்தன என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

“திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கையைக் காட்டு,” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “ஆம்பளைங்களைப் பிரிச்சு வச்சிருக்கணும். நான்தான் உனக்குச் சொல்லல.”

மறுநாள் காலை முதல் டிராமில் போனேன். கட்டுப்போட்ட விரலோடு கைப்பிடி வலையை எடுத்து, ஆண் பறவைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கழுத்து இரு விரல்களுக்கிடையே. உடல் உள்ளங்கையில், அழுத்தாமல். ஒவ்வொன்றின் இதயமும் என் தோலில் அதிர்ந்தது. கண் இழந்த ஆணைத் தனிப் பெட்டியிலும், மற்றவற்றைப் பக்கத்துக் கூண்டிலும் விட்டுத் தாழிட்டேன். பிறகு ஏணியை நகர்த்தி மேலே ஏறி, மூன்றாவது கூட்டுக்குள் ஒரு விரலை விட்டேன். குஞ்சு அதைக் கவ்வியது.