அசர் நேரத்துச் சிவப்பு

புத்தளம் நகரத்தில் தனியே வாழும் முதியவர்களின் கையில் ஒரு பட்டி கட்டியிருக்கும். அவர்கள் விழுந்தாலோ நெஞ்சுத் துடிப்பு மாறினாலோ அது எங்கள் நிலையத்துக்குச் சொல்லும். அங்கே கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு சின்ன விளக்கு. பட்டி கையில் இருந்தால் பச்சை, கழற்றினால் சிவப்பு.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம்தான் பார்க்கவேண்டும். திரை முழுக்கச் சிவந்துவிடும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்கும்போது பட்டிக்கு அடியிலும் தண்ணீர் படவேண்டுமே, எல்லோரும் கழற்றி வைத்துவிடுவார்கள். தொழுதுவிட்டு ஒவ்வொருவராகக் கட்டக் கட்டத் திரை பச்சையாகும். கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர்கள், நனைந்தாலும் பழுதாகாது, கழற்றவே வேண்டாமென்று சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் உம்மாமாரிடம் நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் உம்மாவும் அந்தத் திரையில் ஒரு விளக்குத்தான். வாப்பா மௌத்தாகி உம்மா தனியான பிறகு எங்களோடு வந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினேன், வீட்டை விட்டு அசையமாட்டேன் என்றுவிட்டார். பட்டி கட்டவைக்கவே பெரிய சண்டை. மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி எனக்கும் கட்டுகிறாயா என்று கேட்டார். பிரஷர் உள்ள மனுஷி, அடிக்கடி தலை சுற்றும். தனியே விழுந்து கிடப்பாரோ என்ற பயம் எனக்கு.

ஒருநாள் பின்னேரம் அசர் பாங்குக்குத் திரை சிவந்தது, வழமைபோலப் பச்சையும் ஆனது. உம்மாவின் விளக்கு மட்டும் சிவப்பாகவே நின்றது. மறந்திருப்பார் என்று ஏசிக்கொண்டே போனில் கோல் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தேன், பதில் இல்லை.  அடுத்த வீட்டு ராத்தாவுக்கு எடுத்து, ஒருக்கா எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினார்.

"மகள், கதவு பூட்டிக் கிடக்கு. பின்னால கம்பிக்குள்ளால பார்க்கிறேன். உம்மா பைப்படியில கீழ இருக்கா, முதுகுதான் தெரியுது. கூப்பிட்டாலும் பேசுறா இல்ல."

மூச்சு விடுகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யா அல்லாஹ், என் உம்மாவை எடுத்துவிடாதே என்று மட்டும் மனம் கதறியது. ராத்தா அழத் தொடங்கிவிட்டார். அந்த அழுகைக்குள்ளால், தெருவுக்கே கேட்கிற உம்மாவின் அந்தப் பழைய குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்."

வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கிறார். அதன் பிறகுதான் எங்களுக்குப் பதில்.

"தொழுறவளக் கூப்பிட்டா எப்பிடிப் பேசுற?"

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். நிலையத்தில் எல்லோரும் பயந்துபோய் ஓடிவர, அவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

வுழூ முடித்துத் திரும்பும்போது உம்மாவுக்கு வழுக்கியிருக்கிறது. கால் பிசகி எழும்ப முடியவில்லை. பட்டியோ எட்டாத உயரத்தில் சன்னல் விளிம்பில், போன் உள்ளே அறையில். தொழுகை வக்து போகிறதே என்று, இருந்த இடத்திலேயே மக்கா இருக்கும் கிப்லாத் திசைக்குத் திரும்பித் தொழுதிருக்கிறார். எலும்பு முறியவில்லை, வீக்கம்தான் என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ்.

உம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் மறுபடியும் பட்டியைக் கழற்றினார். நான் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தொழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். ஸலாம் கொடுத்ததும் பட்டியைக் கட்டச் சொல்லி உம்மா தானாகவே என் பக்கம் கையை நீட்டினார்.