இரண்டு வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். வாடகைக் காரில் ஏறும் முன் அதன் சக்கரத்தருகே குனிந்து நட்டுகளை எண்ணுகிற வழக்கம் எனக்கு உண்டு. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, தோளில் துணிப்பை என்று பார்த்தால் நாலு புத்தகம் படித்த ஆள் மாதிரிதான் இருப்பேன். அப்படியும் சென்ற மாதம் தருமபுரி ரயில் நிலைய வாசலில் ஒரு டிரைவர் பதறி இறங்கி வந்து, "சார், வீல் கப்பை மட்டும் வுட்டுடுங்க, இப்பத்தான் வாங்கி மாட்டுனேன்" என்றார். நட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாக விளக்கினேன். விளக்கம் நிலைமையை மோசமாக்கியது. வழி நெடுக அவர் கண்ணாடியில் சாலையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. நான் சிறுவனாக இருந்த காலத்தில் பாகம் பிரித்தபோது நிலம், மாடு, கிணற்றுத் தண்ணீரின் முறை எல்லாவற்றையும் அப்பாவும் பெரியப்பாவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தேகம் மட்டும் இருவருக்கும் முழுசாகக் கிடைத்தது.

பிரிக்க முடியாமல் நின்ற ஒரே பொருள் ஸ்டெப்னி. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட இரண்டு பழைய பிக்கப் வண்டிகளை அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஏலத்தில் எடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே ஜாதி, ஒரே வயது, ஒரே துரு. ஆனால் மாற்றுச் சக்கரம் இரண்டுக்குமாக ஒன்றுதான் வந்தது. ஆளுக்கொரு வண்டி என்று ஆன பிறகு, எந்த வண்டி தொலைவு போகிறதோ அதற்கு ஸ்டெப்னி என்று ஓர் ஏற்பாடு. எங்கள் வீடும் பெரியப்பா வீடும் எதிரெதிரே. தினமும் காலையில் நடுத்தெருவில் ஒரு விசாரணை நடக்கும்.

"இன்னிக்கு எதுவரைக்கும்டா?"

"ராயக்கோட்டைண்ணா."

"ராயக்கோட்டைன்னு சொல்லிட்டுப் பாலக்கோட்டுலயே எறக்கிட்டு வந்துடுவ. எனக்குத் தெரியாதா?"

அப்புறம் பெரியம்மா வெளியே வருவார், அம்மா வெளியே வருவார். ஸ்டெப்னியில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், கல்யாணச் சீரில் வந்த குத்துவிளக்கில் முடியும்.

இப்படியிருக்கையில் ஒருநாள் பெரியப்பாவின் வண்டி நெடுஞ்சாலையோரம் பாய் ஒருவர் வைத்திருந்த லேத்துப் பட்டறைக்குள் போனது, சீக்கிரம் திரும்பவில்லை. சக்கரத்துக்கு ஐந்து போல்ட் இருந்ததை ஆறாக மாற்றுகிறார்கள் என்று சேதி வந்தது. அப்பா சாப்பாட்டுத் தட்டில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"அஞ்சு போல்ட்டுல ஓடாத வண்டியா? இன்னாத்துக்கு ஆறு?"

அம்மா வெளியே போய், நன்றாக இருந்த என் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு வந்தார். "கண்ணு, பாய் பட்டறைல காத்தடிச்சிக்கினு வா. அவசரமில்ல. சுத்திப் பாத்துட்டு வா."

பட்டறையில் பெரியப்பாவின் வண்டி கட்டைகளின்மேல் காலில்லாமல் உட்கார்ந்திருந்தது. பாய் நல்ல மனுஷர். நான் கேட்காமலே சொன்னார். "அஞ்சு ஓட்டை வீல் டிஸ்க்கு இப்ப எங்க கெடைக்குது தம்பி? வர்றதெல்லாம் ஆறு. போல்ட்டு நிக்கற பழைய ஹப்புல புதுசா ஓட்டை போட்டா அது தாங்காது. அதான் வேற வண்டி ஹப்பைக் கொண்டாந்து, பேரிங் உக்கார்ற மாதிரி கடைஞ்சி மாட்டறேன்."

எனக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் கண்ணில் பட்டது. அந்த ஹப்பின் நடுவே ஒரு பொந்து இருந்தது. அது சந்தனக்கட்டைக் கடத்தல் காலம். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தித் தக்காளிக் கூடைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். சக்கரத்துக்குள் யாரும் குத்துவதில்லை. பெரியப்பாவின் மூளையை நினைத்து எனக்குப் புல்லரித்துவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து துப்புச் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். "சந்தனக்கட்டையெல்லாம் இருக்காது. ஆனா ஏதோ இருக்குது. காரணமில்லாம எங்கண்ணன் செருப்பைக்கூட மாத்தமாட்டான்."

வண்டி திரும்பி வந்த அன்று பெரியப்பா ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, எங்கள் சுவரில் சாய்த்தார்.

"இனிமே இது உனக்கே இருக்கட்டும்டா. எனக்கு இது சேராது. நான் ஆறு ஓட்டைல ஒண்ணு தனியா வாங்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். அப்பா அந்தச் சக்கரத்தை விட்டுவைக்கவில்லை. தட்டினார், திருப்பினார், மாட்டுத் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. அதுதான் அவரை மிகவும் கலக்கியது. நான் என் பங்குக்கு ஓட்டைகளில் மூக்கை வைத்துச் சந்தன வாசனை தேடினேன். ரப்பரும் சாணியும் மணத்தன.

இலவசமாக வந்த சக்கரம் அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஆறு போல்ட்டில் ஏதோ பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை மறைக்கத்தான் அண்ணன் எலும்புத்துண்டு மாதிரி இதை வீசிவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டினார். பிரேக் வேலை என்று தெருவுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டு வண்டியைப் பாய் பட்டறைக்கு ஓட்டினார். நானும் போனேன்.

"அண்ணனுக்குச் செஞ்ச மாதிரியே செய்யணும் பாய். அண்ணனுக்குத் தெரியக்கூடாது."

"செஞ்சுடலாங்க. ஆனா அந்த ஸ்டெப்னிக்கு..."

"ஸ்டெப்னியப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது? எங்கண்ணனா?"

"அதில்லீங்க, நான் இன்னா சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்லவேணாம். ஒண்ணும் கேக்கவும் வேணாம். இங்க பேசறது அங்க போவும், எனக்குத் தெரியும்."

பாய் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு லேத்தை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் வேறு எதையும் யாரும் பேச வழியில்லை.

அந்த வாரம் தக்காளிக்கு நல்ல விலை. அந்தப் பருவத்தில் எங்கள் தோட்டத்துக்குக் கிடைத்த ஒரே நல்ல பறிப்பு அதுதான். மண்டியில் ஏலம் முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் மாட்டுக்குத்தான் கொட்ட வேண்டும். விடிந்தும் விடியாமலும் கூடை ஏற்றிக் கிளம்பினோம். பாலக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பின்சக்கரம் டமார் என்றது.

அப்பா பதறவில்லை. மாறாக, அவர் முகத்தில் ஒரு வெற்றிக்களை. "பாத்தியா? ஸ்டெப்னி நம்மகிட்ட இருக்குது." ஜாக்கி வைத்தார். ஆறு நட்டுகளையும் கழற்றி என் சட்டை முனையில் போட்டார். ஸ்டெப்னியைத் தூக்கிப் பொருத்தினார். உட்காரவில்லை. கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். சக்கரம் முழுச்சுற்று சுற்றி வந்துவிட்டது. எதைச் சரியாகச் செய்யவில்லை என்று தெரியாத ஆளின் முகத்தோடு அதைக் கீழே வைத்துப் பார்த்தார்.

உதவியாக இருக்கட்டுமே என்று நான் எண்ணிச் சொன்னேன். "ஓட்டை அஞ்சு இருக்குதுப்பா. போல்ட்டு ஆறு."

மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. கணக்கில் சரியான விடை சொன்னதற்கு நான் வாங்கிய ஒரே குட்டு.

பெரியப்பாவின் வண்டியும் அன்று லோடோடு பின்னால் வந்தது. நின்றது. பெரியப்பா இறங்கிவந்து, தரையில் கிடந்த ஐந்து ஓட்டைச் சக்கரத்தைப் பார்த்தார். வண்டியில் நீட்டிக்கொண்டிருந்த ஆறு போல்ட்டைப் பார்த்தார்.

"எப்படா மாத்துன?"

"இப்பத்தான்."

"இன்னாத்துக்கு?"

"நீ இன்னாத்துக்கு மாத்துனியோ அதுக்குத்தான்."

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி. தெனம் விடிஞ்சா பொம்பளைங்க ரெண்டு பேரும் தெருவுல நிக்கறாங்க. ஒருத்தன்கிட்டயே கெடந்தா சண்டை ஓயும்னு உனக்கு வுட்டுக்குடுத்தேன்டா. எனக்குச் சேராதுன்னு ஆனாத்தான் நீ வாங்கிக்குவ. சும்மா குடுத்தா வாங்குவியா நீ?"

அப்பா அந்த ஐந்து ஓட்டைச் சக்கரத்தை ஓரமாக உருட்டி வைத்தார். தக்காளி வெயிலுக்கு வாடத் தொடங்கியிருந்தது. பெரியப்பா தன் வண்டியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கினார். அது ஆறிலும் அம்சமாக உட்கார்ந்தது. நான் நட்டுகளை ஒவ்வொன்றாக நீட்ட, அவரே முறுக்கினார்.

"நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வர்றேன். எனக்குப் போச்சுன்னா நீதான் நிக்கணும், இப்ப என்கிட்ட ஒண்ணுமில்ல."

ஏலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம், கடைசி ஆளாக. வழி முழுவதும் அப்பா வண்டியை மெதுவாகவே ஓட்டினார். நொடிக்கொரு தரம் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பெரியப்பாவின் வண்டி வளைவில் மறைந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போனது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செக்போஸ்ட்டுக்கு முன்னால் பெரியப்பா சந்தனக்கட்டையை எங்கே இறக்கப்போகிறார் என்று அப்பா உளவு பார்க்கிறார்! நானும் தலையை வெளியே நீட்டி அந்தச் சக்கரங்களைக் கண்காணித்தேன். ஒருவரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்குச் சந்தேகத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்பா அதற்குப் பிறகும் தனியாக ஸ்டெப்னி வாங்கவில்லை. நல்ல வருமானம் வந்த வருடங்களிலும் வாங்கவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஏலத்துக்குப் போய்வந்த மறுநாளிலிருந்தே நடுத்தெரு விசாரணை பழையபடி தொடங்கியது. "இன்னிக்கு எதுவரைக்கும்டா?" ஐந்து ஓட்டைச் சக்கரம் எங்கள் வாசலில் கோழிகள் உட்காரும் இடமானது.

கொஞ்ச நாள் கழித்து, அம்மா காற்றைப் பிடுங்காமலே நிஜமாக இறங்கிப்போன சைக்கிளோடு பட்டறைக்குப் போனேன். பாய் காற்றடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஆக, ரெண்டு வண்டி, ஒரு ஸ்டெப்னி. முன்ன மாதிரியேதான். பஞ்சரானா ஒரு நட்டு கூடுதலாக் கழட்டணும், அவ்ளோதான்."